கை கொடுக்கும் வரை கிடப்பவர்

ஹூபர்ட் ஸ்டிக்லண்டைப் போலச் சாக எங்கள் ஊரில் வேறு யாராலும் முடியாது என்பார்கள். ஹேசல்கூமில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வீடு வீடாகப் போகும் கூத்தில் துருக்கி வீரன் அவர்தான். ஜார்ஜ் ராஜாவின் மரவாள் விலாவில் பட்டதும் உடனே விழுந்துவிட மாட்டார். எதையோ மறந்துவிட்டு நினைவுபடுத்திக்கொள்கிறவர் போலத் தலையைச் சாய்த்து நிற்பார். பிறகு இடது முழங்கால் மடியும். அப்புறம் தோள். கடைசியில் தலை தரையைத் தொடும்போது சத்தமே இருக்காது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொள்வார்கள்.

மறுநாள் விடிகாலையில் அவர் மாடு கறக்கப் போகும் வழியில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்கள்.

"என்ன ஹூபர்ட், நேத்து செத்துப் போனியே, இப்ப உடம்பு எப்படி?"

"தேவலை. டாக்டர் கெட்டிக்காரன்."

"என் மாமியாரையும் ஒருதடவை காட்டலாமா?"

"பொழைக்க வைக்கவா, இல்ல மத்ததுக்கா?"

பகலில் அவர் ஓட்லி பண்ணையின் மாட்டுக்காரர். அப்பாவும் அதே பண்ணையில் அதே வேலைதான் பார்த்தார். ஹூபர்ட் பள்ளியை விட்டதும் அப்பாவோடு தொழுவத்துக்குப் போனார். போரின்போதும் பாலுக்கு ஆள் வேண்டும் என்று அவரை ஊரிலேயே விட்டுவைத்தார்கள். அதிகம் பேசாதவர். மாடுகளிடம் பேசுவார் என்று வின்னி சொல்வார். வின்னி அவர் மனைவி. ஸ்டிக்லண்ட் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. நான் இங்கே எழுதுவதில் என் பிறப்புக்கு முந்தியவை எல்லாம் வின்னி பட்டாணி உரித்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் சொன்னவை.

கூத்துக்கு எங்கள் ஊரில் சில கட்டுகள் உண்டு. ஆடுகிறவர்கள் சட்டை முழுவதும் காகிதக் கீற்றுகளைத் தைத்து மாட்டிக்கொள்வார்கள். தொப்பியிலிருந்தும் கீற்றுகள் தொங்கி முகத்தை மறைத்திருக்கும். உள்ளே இருப்பது யார் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் காகிதம் போட்டவனுக்குப் பெயர் கிடையாது. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. காகிதம் போட்டவனும் கூத்தின் வரிகளைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அவனுடைய வேஷம் போய்விடும். சட்டையைக் கழற்றித் தலைவனிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் டிப்பர் என்பவரை நாய் கடித்தது. அவர் நாயை நோக்கி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டார். இருபது வருடமாகச் சாத்தான் வேஷம் போட்டவர். அன்று மாலையே சட்டை போய்விட்டது. நாயின் மேல் யாருக்கும் கோபமில்லை.

இன்னொரு கட்டு, செத்தவனைப் பற்றியது. டாக்டர் வந்து சொட்டு மருந்து விட்டதும் துருக்கி வீரன் தானாக எழுந்துவிடக் கூடாது. கொன்ற ஜார்ஜ் ராஜாதான் கை நீட்ட வேண்டும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். எழுந்து, கையை விடாமல், இருவரும் வட்டத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும். அப்போதுதான் கூத்து முடியும். முடியாத கூத்து அந்த வீட்டு வாசலிலேயே கிடக்கும் என்பார்கள். அப்படி எதுவும் எங்கள் ஊரில் கிடந்ததில்லை.

ஜார்ஜ் ராஜா, ரால்ஃப் கோலப். அதே பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். பள்ளியில் ஹூபர்ட்டுக்குப் பக்கத்து இருக்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஸ்டிக்லண்ட் வீட்டில்தான். காகிதச் சட்டை ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு நவம்பரிலும் வின்னி இரண்டு சட்டைகள் தைப்பார், ஒன்று கணவருக்கு, ஒன்று ரால்ஃபுக்கு. ஹூபர்ட்டுக்கு நீலம், ரால்ஃபுக்குச் சிவப்பு. சுவரில் ஒட்டி மிஞ்சிய காகிதம், மளிகைக் கடையிலிருந்து வந்த காகிதம், எது கிடைக்கிறதோ அது.

ஹூபர்ட்டுக்கும் வின்னிக்கும் ஒரே பிள்ளை. கொலின். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருடம் அவனுக்குப் பத்தொன்பது வயது. வசந்தத்தில் அவன் தன் அறைச் சுவருக்குப் புதிதாகக் காகிதம் ஒட்டினான். வெளிர்பச்சைக் கோடுகள். எடுத்தது அளவுக்கு அதிகமாகிவிட்டது. மிச்சத்தைச் சுருட்டிப் பீரோவின் மேல் வைத்தான்.

ஜூலையில் வைக்கோல் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. டிராக்டருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு இணைப்புக் கம்பி இருக்கும். பையன்கள் அதன்மேல் நின்றுகொண்டு வருவார்கள். எல்லோரும் செய்வதுதான், ஹூபர்ட்டும் அந்த வயதில் செய்திருக்கிறார். ஆனால் பக்கத்து ஊரில் ஒருவன் அப்படி விழுந்து கால் போன பிறகு, அவர் அதை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அன்று காலை தொழுவ வாசலில் நின்று ரால்ஃபிடம் சொன்னார்.

"நம்ம பயலைக் கம்பியில ஏத்தாத."

"நான் எங்க ஏத்தறேன். அவனா குரங்கு மாதிரி ஏறிக்கிறான்."

"ஏறினா வண்டிய நிறுத்து."

"சரிப்பா, நிறுத்தறேன். நீ போய் உன் பசங்களக் கவனி, மடி கனத்து கத்துதுங்க."

மதியத்துக்கு மேல் மழை வரும்போல் இருந்தது. கடைசிச் சுமையைக் கொட்டகைக்குள் சேர்த்துவிட வேண்டும். கொலின் கம்பியில் ஏறினான். ரால்ஃப் திரும்பிப் பார்த்தார், வண்டியை நிறுத்தவில்லை. மேட்டில் கியர் மாற்றும்போது டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் வந்த வண்டி முழுச் சுமையோடு இருந்தது.

கொலினின் சாவைப் பற்றிய விசாரணை விபத்து என்று முடிந்தது. யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. ரால்ஃப் சாட்சி சொல்ல எழுந்து நின்றவர், பெயரைச் சொன்னதோடு அழுதுவிட்டார். அவரிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. காலையில் தொழுவ வாசலில் பேசியது அங்கே வெளிவரவே இல்லை. ஹூபர்ட்டும் சொல்லவில்லை. வின்னியிடம் மட்டும் சொன்னார், ஒரே ஒருமுறை.

அதன் பிறகு ரால்ஃப் இரண்டு முறை வீட்டு வாசலுக்கு வந்தார். இரண்டு முறையும் ஹூபர்ட் பின்கதவு வழியாகத் தொழுவத்துக்குப் போய்விட்டார். ரால்ஃப் அதற்கப்புறம் டிராக்டரில் ஏறவில்லை. பண்ணை வேலையை விட்டுவிட்டுச் சாலையோரப் புதர்களை வெட்டும் வேலைக்குப் போனார். மதுக்கடையில் ஒருவர் கணப்பருகே உட்கார்ந்தால் இன்னொருவர் கதவருகே உட்காருவார். ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்திருந்தால்கூட ஊருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் வானிலையைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் கூத்து இல்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். நவம்பர் கடைசியில் கூத்துத் தலைவர் மோன்டி பக்லர் தொழுவத்துக்கு வந்தார். பட்டறைக்காரர், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுகிறவர். கையில் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"ஹூபர்ட், இந்த வருஷம் விட்டுடலாம்னு இருக்கோம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஹூபர்ட் மாட்டின் விலாவில் நெற்றியை வைத்துக் கறந்துகொண்டே இருந்தார்.

"நான் வரேன்."

"ரால்ஃப் விலகிக்கிறேன்னு சொல்றான். பெர்சிக்கு வரி தெரியும். அவனை ஜார்ஜா போட்டுடலாம்."

"பெர்சி வேண்டாம். ரால்ஃபே வரட்டும்."

மோன்டிக்கு அது பிடிக்கவில்லை. மரவாள் என்றாலும் அது கெட்டியான ஆஷ் மரம். முகத்தில் பட்டால் பல் போகும்.

"நீ அங்க வந்து..." என்று தொடங்கினார்.

"நான் சாகறவன், மோன்டி. கொல்றவன் அவன்," என்றார் ஹூபர்ட். அவ்வளவுதான்.

மோன்டி வீட்டுக்குள் வந்து வின்னியிடம் சொன்னார். வின்னி பீரோவின் மேல் இருந்த பச்சைக் கோட்டுச் சுருளை ஏற்கெனவே கீழே இறக்கி மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"ரெண்டு சட்டையா?" என்றார் மோன்டி.

"எல்லா வருஷமும் ரெண்டுதானே."

"இல்ல வின்னி, இந்த வருஷம்..."

"காகிதம் நிறைய மிச்சமிருக்கு," என்றார் வின்னி. "அளவு பாக்காம வாங்கிட்டான்."

அப்படித்தான் அந்த வருடம் ஜார்ஜ் ராஜாவும் துருக்கி வீரனும் ஒரே நிறத்தில் வந்தார்கள். சட்டையைக் கொண்டுபோய் ரால்ஃபிடம் கொடுத்ததும் வின்னிதான். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார் என்றும், உள்ளே வாங்க என்று சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை என்றும், தானும் அப்படியே திரும்பி வந்ததாகவும் வின்னி சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வானம் தகரம் போல இருந்தது. முதல் வீடு எப்போதும் ஓட்லி பண்ணைதான். முற்றத்தில் ஊரே வந்து நின்றிருந்தது, வழக்கத்தைவிடக் கூட்டம். எல்லோரும் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஹூபர்ட் நிஜமாகவே அடிப்பாரா? அடிக்காவிட்டால், விழுந்த பிறகு அந்தக் கையைப் பிடிப்பாரா? பிடிக்காமல் கூத்தை எப்படி முடிப்பது? பாதிரியார்கூடச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்றிருந்தார்.

மோன்டி தடியைத் தட்டி வட்டம் போட்டார். ஜார்ஜ் ராஜா வந்து தன் வீரத்தைச் சொன்னார். குரல் ஒரே இழுப்பாக, மூச்சு விடாமல் வந்தது. துருக்கி வீரன் வட்டத்துக்குள் வந்தார்.

"வந்தேன் துருக்கி நாட்டு வீரன்,
வாளைக் கண்டால் வழிவிடுவான் சூரன்.
வா ஜார்ஜே, வந்து நில்லு,
வந்த வேலையை முடித்துக் கொல்லு."

சண்டை ஒழுங்காகத்தான் நடந்தது. மேலே மூன்று, கீழே மூன்று, ஒரு சுற்று. ஹூபர்ட்டின் வாள் போக வேண்டிய இடத்துக்கு மட்டுமே போனது. பிறகு விலாவில் அடி பட்டது. தலை சாய்ந்தது, முழங்கால் மடிந்தது, தோள் சரிந்தது. அன்று அவர் விழுந்ததைப் பார்க்க முடியவில்லை என்று வின்னி சொன்னார். வேறெங்கோ பார்த்தாராம், கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

அந்த நேரத்தில்தான் பனி விழத் தொடங்கியது. அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி.

டாக்டர் வேஷம் சிரில் பிட்மன், தபால்காரர். உயரத் தொப்பியும் புட்டியுமாக வந்தார்.

"கால்வலி, பல்வலி, காது குடைச்சல்,
கல்யாணம் ஆனவன் மண்டை இடிச்சல்,
செத்துப் பத்துநாள் ஆனவன்கூடச்
சொட்டு விட்டால் ரொட்டி கேட்பான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரில் குனிந்து காகிதக் கீற்றுகளுக்குள் சொட்டு விட்டார். "எழுந்திரு, வீரா, எழுந்திரு," என்றார். ஜார்ஜ் ராஜா கை நீட்டினார்.

துருக்கி வீரன் எழவில்லை.

சிரில் மறுபடி சொட்டு விட்டார். மறுபடி அதே வரி. இல்லாத ஒரு வரியைச் சேர்க்கவும் அவருக்குத் தைரியமில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பச்சைக் கோட்டுக் காகிதத்தின் மேல் பனி விழுந்து ஊறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ, அவருக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றாள். பக்கத்திலிருந்தவர் "சும்மா இரு" என்றார். பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது.

அப்போது ஜார்ஜ் ராஜா மண்டியிட்டார். அது கூத்தில் கிடையாது. தலையைக் கிடந்தவரின் தலைக்கு அருகில் கொண்டுபோனார். இரண்டு பேரின் கீற்றுகளும் ஒன்றோடொன்று கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் துருக்கி வீரனின் கை மேலே வந்தது. ரால்ஃப் பிடித்துத் தூக்கினார். இருவரும் வட்டத்தைச் சுற்றினார்கள். காகிதம் ஈரமாகிக் கிழிந்து அவர்கள் போன வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே போனது. மோன்டி உண்டியல் பெட்டியை நீட்டவும் மறந்துவிட்டார்.

பனி அதிகமானதால் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. மதுக்கடையின் பின்னறையில் எல்லோரும் சட்டை கழற்றினார்கள். ரால்ஃப் தன் சட்டையை மடித்து மோன்டியின் முன்னால் மேசையில் வைத்தார்.

"இந்தா. நான் பேசிட்டேன்."

"என்ன பேசினே?"

"காகிதத்துக்குள்ள பேசிட்டேன். வரி இல்லாததை. சட்டைய வெச்சிக்கோ."

மோன்டி சிரிலைப் பார்த்தார். சிரில் சைடர் கோப்பைக்குள் பார்த்தார். அவர் பக்கத்தில் நின்றவர், கேட்டிருக்கத்தான் வேண்டும். அப்புறம் மோன்டி, வேறு வழியில்லாமல், கதவருகே உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த ஹூபர்ட்டிடம் கேட்டார்.

"ஹூபர்ட். இவன் பேசினானா?"

கட்டு கட்டுதான். பேசினான் என்று ஹூபர்ட் சொன்னால் ரால்ஃபுக்கு இந்த ஊரில் மிச்சமிருந்த ஒன்றும் போய்விடும். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஹூபர்ட் பூட்ஸ் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார். "நான் செத்துக் கிடந்தேன்."

மோன்டி சட்டையை ரால்ஃப் பக்கம் தள்ளினார்.

ரால்ஃப் சொன்னது என்ன என்று ஹூபர்ட் வின்னியிடம் அன்றே சொல்லிவிட்டார். "நீ சொன்னே. நான் திரும்பிப் பாத்தேன். நிறுத்தல." அவ்வளவுதான் ரால்ஃப் சொன்னது. விசாரணையில் சொல்ல முடியாமல் போனது. வாசலில் வந்து நின்றபோது கேட்க ஆள் இல்லாமல் போனது.

இத்தோடு இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்றுதான் இதைக் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். இல்லை. மறுநாள் பனியில் வழி வெட்டும்போது எதிரெதிரே வந்தார்கள். ஹூபர்ட் மண்வாரியோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. ரால்ஃப் அவரைக் கொன்றார். கை நீட்டினார். ஹூபர்ட் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டையைக் கழற்றியதும் இருவரும் பழையபடி அந்நியர்கள். அப்படியே வருடங்கள் போயின. அறுவடை விருந்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் உப்பு வின்னி கை வழியாகத்தான் போகும்.

"ஏன் இப்படி இருக்கீங்க, அவரு பாவம்னு கேட்டேன்," என்றார் வின்னி என்னிடம். "பேசிட்டா மன்னிச்சேன்னு ஆயிடும். மன்னிக்க வேண்டியவன் நான் இல்ல, நம்ம பய, அவன் தேவாலயத்து மேட்டுல கிடக்கிறான்னாரு. அப்ப கையை மட்டும் ஏன் பிடிக்கிறீங்கன்னேன். அது துருக்கிக்காரன் கை, என்னுது இல்லன்னாரு."

இதைச் சொல்லிவிட்டு வின்னி பட்டாணியை எடுத்து உள்ளே வைத்தார்.

ஊர் இதற்குப் பழகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் இருவரையும் ஒரே விருந்துக்கு அழைத்தால் யாராவது காதில் சொல்லிவிடுவார்கள். மோன்டி இறந்தார்; சிரில் தலைவரானார். ஹூபர்ட் பண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். முழங்கால் பிடித்துக்கொண்டாலும் சாவதை மட்டும் விடவில்லை. "இந்த வயசுல சாகறது கஷ்டம் இல்ல, எழுந்திருக்கறதுதான் கஷ்டம்," என்பார். அவரைத் தூக்கும்போது ரால்ஃப் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். எவ்வளவு பலம் வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வருடம், செப்டம்பரில் ரால்ஃபைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் பாதிதான். சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் ராஜா வேஷம் பெர்சியின் மகன் டெரக்குக்குப் போனது. வின்னி அந்த நவம்பரிலும் இரண்டு சட்டைகள் தைத்தார். டெரக்கின் தோள் அகலம் என்பதால் அளவு எடுக்க அவரை வீட்டுக்கே வரச் சொன்னார்.

"ஸ்டிக்லண்ட் அம்மா, எனக்குச் சிவப்பே போதும். பளபளன்னு எதுவும் வேண்டாம்," என்றார் டெரக்.

"உன் உடம்புக்கு ரெண்டு சுவத்துக் காகிதம் வேணும்டா. எந்த நிறம் கிடைக்குதோ அதான்."

ஹூபர்ட் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். "ரால்ஃப் வீட்டுக்கும் போறோமா?" என்று கேட்டார். முப்பது வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி வின்னி கேட்டதில்லை. கையிலிருந்த ஊசியை வின்னி துணியில் குத்திவைத்தார்.

"வழியிலதானே இருக்கு," என்றார் டெரக். "போகாம?"

ரால்ஃபின் வீடு புதர்வேலி முடியும் இடத்தில், சிறிய முற்றத்தோடு இருந்தது. அவரைக் கம்பளி போர்த்தி வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். செத்துப்போன வலக்கை மடியில் கிடந்தது. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலியோரம் நின்றோம். என் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூத்து எப்போதும்போல நடந்தது. டெரக் நன்றாகத்தான் சொன்னார். சத்தம் கொஞ்சம் அதிகம். துருக்கி வீரன் விழுந்தார். தலை, முழங்கால், தோள். அவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. டாக்டர் வேஷத்திலிருந்த சிரில் சொட்டு விட்டார். "எழுந்திரு, வீரா, எழுந்திரு."

டெரக் கை நீட்டினார். ஹூபர்ட் அசையவில்லை.

மறுபடி சொட்டு விட்டார்கள். டெரக் இன்னும் குனிந்து கையை நீட்டினார். கிடந்தவரின் முகக் கீற்றுகள் மூச்சில் ஏறி இறங்குவது தெரிந்தது, உயிரோடுதான் இருக்கிறார். வேலியோரம் நின்ற பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முன்பு ஒருமுறை இப்படி நடந்தது அவர்களில் சிலருக்கு நினைவிருந்தது. டெரக் என்ன செய்வதென்று தெரியாமல் சிரிலைப் பார்த்தார். சிரில் டெரக்கின் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினார்.

நாற்காலிக்கும் ஹூபர்ட்டுக்கும் நடுவில் இப்போது ஒருவரும் இல்லை. அவர் அங்கே வேண்டுமென்றே விழுந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கை எட்டும் தூரம்தான்.

ரால்ஃப் கம்பளியை விலக்க வெகுநேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை. இடது கையை வெளியே எடுத்தார். நாற்காலியின் கைப்பிடிக்கு மேலாகச் சாய்ந்து நீட்டினார். வாய் கோணிக்கொண்டு ஏதோ சத்தம் வந்தது, வார்த்தையாக வரவில்லை.

துருக்கி வீரனின் கை மேலே வந்து அதைப் பிடித்தது. அந்தக் கையால் யாரையும் தூக்க முடியாது. ஹூபர்ட் பிடித்த கையை இழுக்காமல், மறு கையைத் தரையில் ஊன்றி, பிடித்துக்கொண்ட முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கித் தானே எழுந்தார். ஆனால் கையை விடவில்லை. நாற்காலியின் முன் நின்றார். வட்டம் சுற்ற வேண்டும், சுற்ற முடியாது. அப்படியே நின்றார்.

"ரால்ஃப்," என்றார். "கை ஜில்லுன்னு இருக்கு. உள்ள போ."

எல்லோருக்கும் கேட்டது. சின்ன முற்றம்தானே. டெரக் மரவாளைக் கீழே தாழ்த்தினார். பிறகு சிரில் நாற்காலியின் பின்னால் போய் அதை மெதுவாகத் தள்ளினார். ஹூபர்ட் கையைப் பிடித்தபடியே பக்கத்தில் நடந்தார். அப்படி முற்றத்தை ஒருமுறை சுற்றி வந்தார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.

மாலையில் மதுக்கடைப் பின்னறையில் ஹூபர்ட் சட்டையை மடித்துச் சிரிலின் முன்னால் வைத்ததை அப்பா எங்களுக்குச் சொன்னார்.

"என்ன இது?" என்றாராம் சிரில்.

"பேசிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார் சிரில். அறையில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுதா?"

கேட்கவில்லை என்றார்கள். டெரக்கும் தலையை ஆட்டினார். யாரோ, "எனக்குக் காது மந்தம்ப்பா, டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்," என்றார். முதல்முறையாக அன்று கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

ஹூபர்ட்டும் சிரித்தார். ஆனாலும் சட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்குக் கேட்டுது," என்றார்.

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வீட்டுக்குப் போகவில்லை. அவர் வேலிப்பாதை வழியாக நடந்து ரால்ஃபின் வீட்டுக் கதவைத் தட்டியதை எதிர்வீட்டுப் பெண் பார்த்திருக்கிறாள். முன்கதவு வழியாகத்தான் போனார். தன் சொந்தக் கோட்டில், முகத்தில் ஒன்றுமில்லாமல். அங்கே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ரால்ஃபால் சரியாகப் பேச முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு ஹூபர்ட்டும் வின்னியிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குச் சூப் வேண்டும், நாளையிலிருந்து ஒரு பாத்திரம் சேர்த்து வை என்று மட்டும் சொன்னாராம்.

ரால்ஃப் அதற்கப்புறம் ஒரு கோடைக்காலமும் பாதி இலையுதிர்காலமும் இருந்தார். மூடிய பாத்திரத்தோடு ஹூபர்ட் தினமும் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார். கடைசியில் தேவாலயத்து மேட்டில் ரால்ஃபின் பெட்டியைக் குழியில் இறக்கும்போது ஒரு கயிற்றை ஹூபர்ட்தான் பிடித்திருந்தார். பெட்டி தரையைத் தொட்டபோது சத்தமே கேட்கவில்லை. மற்றவர்கள் கயிற்றை விட்ட பிறகும் அவர் விடவில்லை. வின்னி பக்கத்தில் போய் நின்று, அவராக விடும்வரை காத்திருந்தார்.